ஓநாய் விழுங்கிய புல்வெளி

கிராவீக் ஊரில் ஸ்லெட்டா பண்ணையின் மேல் மட்டும் மூன்று ஆண்டுகள் வெயில் விழவில்லை. மேகம் காரணமில்லை. பக்கத்துப் பண்ணையான ஹோல்ட்டில் வெயில் அடிக்கும், வேலிக்கம்பி வரை வரும், கம்பிக்கு இந்தப் பக்கம் ஓர் அங்குலம்கூட வராது. ஜூலை மாதத்தில் வேலியில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு நிற்கும் ஆட்டுக்கு ஒரு விலா வெயிலிலும் மறு விலா நிழலிலும் இருக்கும். பண்ணைக்காரி குன்வோர் ஒரே வெப்பமானியை வேலியின் இரண்டு புறமும் வைத்துப் பார்த்தாள். அந்தப் பக்கம் பதினான்கு டிகிரி. இந்தப் பக்கம் ஒன்பது. முன்பெல்லாம் கோடை முடிவில் இருநூற்று அறுபது உருளை உலர்புல் சுருட்டி வைப்பாள். முதல் ஆண்டு நூற்று எண்பது, இரண்டாம் ஆண்டு நூற்று இருபது, மூன்றாம் ஆண்டு எழுபது. அந்த எழுபதிலும் பாதி பூஞ்சை. தலைநகரிலிருந்து ஓர் ஆள் கருவிகளோடு வந்தான். இரண்டு நாள் தங்கினான். குன்வோர் வைத்த காய்ந்த மீனை வெண்ணெய் தடவித் தின்றான். அறிக்கையில் ‘உள்ளூர் நிலைமை’ என்று இரண்டு சொல் எழுதிவிட்டுப் போனான்.

ஊருக்குக் காரணம் தெரியும். காரணம் ஒரு பெட்டிக்குள் இருந்தது. பெட்டி நீச்சல் குளத்தின் வரவேற்பறை அலமாரியில், தொலைந்த துண்டுகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் மேல்தட்டில் இருந்தது. குளத்துக்கு வந்த யாரோ ஒரு வெளிநாட்டுப் பயணி மறந்துவிட்டுப் போனது. குளத்துக் காவலர் ஒட்கேர், ஒழுங்கான மனிதர் என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்கிறவர், ஆறு மாதம் காத்திருந்துவிட்டுத் திறந்தார். உள்ளே ஒரு பெரிய அட்டை, நாற்பத்தெட்டுப் பிளாஸ்டிக் வீரர்கள், சில அரக்கர்கள், கடவுள்கள், ஓர் ஓநாய், சீட்டுக்கட்டு ஒன்று. அட்டையில் ஆறு நிலங்கள். ஆளுக்குப் பன்னிரண்டு வீரர்கள். ஒரு நிலத்தில் ஆட்களை இறக்குவது, அங்கே இருக்கிறவனோடு சண்டை போடுவது, சீட்டுக் காட்டுவது. செத்த வீரனுக்குப் புள்ளி உண்டு, ஏனென்றால் அவன் கடவுள்களின் கூடத்துக்கு விருந்துண்ணப் போகிறான். நான்காவது சுற்றின் முடிவில் ஓநாய் வரும். யாருடைய ஆளும் நிற்காத நிலத்தை அது விழுங்கிவிடும். அவ்வளவுதான் ஆட்டம். பெட்டியின் மேல் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு என்று போட்டிருந்தது. கிராவீக்கில் அதை விளையாடியவர்களில் மிக இளையவருக்கு வயது நாற்பத்தொன்று.

ஆட்டத்தைச் செய்தவன் பனியைப் பார்க்காத ஏதோ ஒரு தேசத்துக்காரனாக இருக்க வேண்டும். எல்லாத் தலைக்கவசத்திலும் கொம்பு வைத்திருந்தான். ஒற்றைக் கண் கடவுளுக்கு இரண்டு கண் வைத்திருந்தான். கடவுள்களின் ஊரும் அரக்கர்களின் ஊரும் நடுவில் ஒரு வேலிகூட இல்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. அன்று வரவேற்பறையில் இருந்தவர்கள் அரை மணி நேரம் சிரித்தார்கள். பிறகு கோபப்பட்டார்கள். அதிகம் கோபப்பட்டவர் பள்ளித் தலைமையாசிரியர் கெத்தில். அவர் ஹோல்ட் பண்ணைக்காரரும்கூட. கிராவீக்கிலுள்ள ஒவ்வொரு பாறைக்கும் ஓடைக்கும் மேட்டுக்கும் உள்ள பெயர்களை, மொத்தம் ஆயிரத்துத் தொள்ளாயிரம், நான்கு தொகுதிகளாக எழுதி வெளியிட்டவர். ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் அந்த நான்கு தொகுதிகள் உண்டு. சில வீடுகளில் அவை மேசைக்காலுக்கு அடியில் இருந்தன. கெத்தில் அந்த ஆட்டத்தைத் தூக்கி எறிந்திருக்கலாம். திருத்தினார். கடவுளின் ஒரு கண்ணை ஊசியால் சுரண்டினார். மனைவியின் நக அரத்தால் கொம்புகளைத் தேய்த்தெடுத்தார். அட்டையின் ஆறு நிலங்களும் ஒரு கடற்கழியைச் சுற்றி வளைந்து கிடந்தது அவருக்குத் தங்கள் ஊரைப்போலவே தோன்றியது. முதலுதவிப் பெட்டியிலிருந்து பிளாஸ்திரி எடுத்து, தப்பான பெயர்களின் மேல் ஒட்டி, சரியான பெயர்களை எழுதினார்: துறைமுகம், குளத்துச் சரிவு, பள்ளிமேடு, ஹோல்ட், தேவாலயப் பண்ணையான ஸ்டாதுர், ஸ்லெட்டா. கடைசிப் போர் நடக்கும் சமவெளி என்று அச்சடித்திருந்த இடத்தில், ஒரு சாவுக்கு இரண்டு புள்ளி என்று போட்டிருந்த இடத்தில், ஸ்லெட்டாவை ஒட்டினார். ஊரில் வேறு சமவெளி கிடையாது.

அதோடு நிறுத்தியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அட்டையின் பின்புறம் காலியாக இருந்தது. கெத்தில் அங்கே எல்லைகளை எழுதினார். பெரிய பாறையிலிருந்து ஓடை வரை, ஓடையிலிருந்து கற்குவியல் வரை, அங்கிருந்து நேராகக் கடல். எழுதிய எல்லைக்குப் பக்கத்து நிலத்துக்காரர்கள் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்தில்லாத எல்லையை இந்த ஊர்க்காரர்களால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. திறந்து கிடக்கும் ஆட்டுக்கதவைப் பார்த்ததுபோல் கை துடிக்கும். ஹோல்ட்டுக்கும் பள்ளிமேட்டுக்கும் கெத்தில் போட்டார். குளத்துச் சரிவுக்கும் துறைமுகத்துக்கும் ஒட்கேர். ஸ்டாதுருக்குப் போதகர் பெர்க்ஸ்வெயின் போட்டு, சட்டைப்பையில் இருந்த தேவாலய முத்திரையையும் குத்தினார். ஸ்லெட்டாவுக்குக் குன்வோரின் தம்பி ஹ்ரெய்ன் போட்டான். பண்ணையில் பாதி அவனுடையது. நான்கு பேரும் ஆளுக்கொரு முறுக்கு ரொட்டி எடுத்துக்கொண்டு ஆட உட்கார்ந்தார்கள். வேறெந்த ஊரிலும் இந்தத் தவறு நடந்திருக்காது. பொம்மை வைத்து ஆடும் அட்டைக்குச் சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்று வேறெந்த ஊரிலும் ஒருவனுக்கும் தோன்றாது.

கிராவீக்கில் நவம்பர் பதினாறாம் தேதி சூரியன் மலைக்குப் பின்னால் போகும். ஜனவரி இருபத்தாறாம் தேதி மதியம் ஒன்று நாற்பதுக்கு மலையின் பிளவு வழியாகத் திரும்பி வரும். அன்றைக்கு வீட்டுக்கு வீடு மெல்லிய பான்கேக் சுட்டு, ருபார்ப் ஜாமும் க்ரீமும் வைத்துச் சுருட்டித் தின்பார்கள். முதல் ஆண்டு ஜனவரி இருபத்தைந்தாம் தேதி முடிந்த ஆட்டத்தில் எல்லாருடைய வீரர்களும் ஸ்லெட்டாவில் வந்து செத்தார்கள், இரட்டைப் புள்ளிக்காக. மற்ற நிலங்களில் ஓரிருவர் மிஞ்சி நின்றார்கள், ஸ்லெட்டா மட்டும் காலியாக இருந்தது, அதை ஓநாய் விழுங்கியது. மறுநாள் வெயில் வந்தது. துறைமுகத்தில் விழுந்தது, பள்ளியில் விழுந்தது, ஸ்டாதுரில் விழுந்தது, ஹோல்ட்டில் விழுந்தது, வேலியில் நின்றது. இரண்டாம் ஆண்டும் அப்படியே நடந்ததும் ஆட்டத்தில் மிஞ்சியிருந்த கெத்தில், ஒட்கேர், போதகர் மூன்று பேருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. பயந்துபோய்ப் பெட்டியைக் கடலில் போட்டார்கள் என்று நினைத்தால், நீங்கள் அவர்களை அறியாதவர்கள். கவனமாக ஆடத் தொடங்கினார்கள். ஒவ்வொருவரும் தன் நிலத்தில் இரண்டு காவல் வீரர்களை நிறுத்திவைத்துக்கொண்டு, மிச்சப்பேரை ஸ்லெட்டாவுக்குச் சாக அனுப்பினார்கள். ஸ்லெட்டாவுக்குக் காவல் வைக்க ஆளில்லை. ஹ்ரெய்ன் முதல் கோடை முடிந்ததுமே தன் பாதியை அக்காவுக்கு எழுதிக்கொடுத்துவிட்டுத் தலைநகருக்குப் போய்விட்டான். அங்கே அவன் கொம்பு வைத்த தலைக்கவசம் போட்டுக்கொண்டு, ரப்பர் கோடாரியோடு சுற்றுலாப் பயணிகளுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறான். வேலை நன்றாக இருக்கிறது, உட்கார்ந்து சாப்பிட நேரம் கொடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தான்.

குன்வோருக்கு வயது நாற்பத்தேழு. பேச்சு குறைவு. ஒரு காரியத்தைக் கேட்டு வாங்குவதைவிட அது இல்லாமல் இருந்துவிடுவது அவளுக்கு எளிது. மூன்று ஆண்டுகளும் அப்படித்தான் இருந்தாள். ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் புல்லை எண்ணினாள், ஆட்டை எண்ணினாள், அதிகப்பட்டதை அறுப்புக்கு அனுப்பினாள். நூற்று முப்பது தொண்ணூறாயிற்று. தொண்ணூறு அறுபதாயிற்று. மூன்றாவது அக்டோபரில் முப்பத்தெட்டு மிஞ்சின. முப்பத்தெட்டுக்குக் கீழே போனால் அது பண்ணை இல்லை, பொழுதுபோக்கு. இன்னொரு கோடை இப்படிப் போனால் அவளும் வீட்டைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். எங்கே போவது என்று யோசித்தபோது ரப்பர் கோடாரிதான் ஞாபகத்துக்கு வந்தது.

அந்த அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை அவள் நீச்சல் குளத்தின் வெந்நீர்த் தொட்டியில் இறங்கினாள். மூன்று பேரும் கழுத்துவரை தண்ணீரில் உட்கார்ந்திருந்தார்கள். ஊரில் எல்லாப் பேச்சும் அந்தத் தொட்டியில்தான் நடக்கும். உடுப்பில்லாமல் உட்கார்ந்திருக்கும்போது மனிதர்கள் உண்மை பேசுவார்கள் என்று ஒரு நம்பிக்கை. இந்த மூவரும் அதற்கு விதிவிலக்கு.

“எத்தனை போச்சு இந்தத் தடவ?” என்று கெத்தில் கேட்டார், மழை எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்பதுபோல்.

“இருபத்திரெண்டு.”

“அடடா.”

“ஸ்லெட்டால ஒரே ஒரு பொம்மைய நிக்க வச்சிருந்தா ஒண்ணும் போயிருக்காது, வாத்தியாரே.”

போதகர் கண்ணை மூடிக்கொண்டு, அடக்க ஆராதனைக்கு வைத்திருக்கும் குரலில் சொன்னார்: “அது எப்படிம்மா முடியும்? அங்க நின்னா புள்ளி கெடையாதே. செத்தாத்தான் புள்ளி.”

“உயிரோட நிக்கறதுக்கு ஒண்ணுமே கெடையாதா?”

மூன்று பேரும் சிரித்தார்கள். தண்ணீர் குலுங்கி விளிம்புக்கு மேல் வழிந்தது. “அதுக்குப் பேரு வீரம் இல்ல குன்வோர்,” என்றார் ஒட்கேர். “உனக்கு அவ்வளவு அக்கறைன்னா நீயே வந்து உக்காரேன். உன் தம்பி எடம் காலியாத்தான கெடக்கு.”

“பொம்மை வெச்சு வெளையாடவா?”

“பாத்தீங்களா, இதான் இவகிட்ட. கூப்ட்டா வரமாட்டா, வராம இருந்துட்டுக் கொற சொல்லுவா.”

குன்வோர் எழுந்து உடம்பைத் துவட்டிக்கொண்டாள். போகிறபோது வரவேற்பறை அலமாரியிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். அதோடு சேர்த்துக் குத்தியிருந்த இன்னொரு காகிதக்கட்டையும். அது கெத்திலின் ‘திருத்தங்களும் சேர்க்கைகளும்’, தட்டச்சில் நாற்பத்தொரு பக்கம். ஆட்டத்தைச் செய்தவனுக்குத் தெரியாத பழைய வழக்கங்களையெல்லாம் கெத்தில் அதில் சேர்த்திருந்தார். மற்ற இருவரும் ஏற்கிறோம் என்று கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக்கொடுத்துவிட்டு, படிக்காமல் காபிக் கெண்டிக்கு அடியில் வைத்திருந்தார்கள். எல்லாப் பக்கத்திலும் வட்டக்கறை இருந்தது. ஹ்ரெய்னின் கையெழுத்துக்கூட இருந்தது. அவனும் படித்திருக்க மாட்டான். கெத்தில் எழுதிய ஒன்றை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்த முதல் ஆள், அவர் மனைவியையும் சேர்த்து, குன்வோர்தான். பிரசவத்துக்கு நாள் பார்க்கும் ஆட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் பொறுமையாக, வரி வரியாகப் படித்தாள். ஆட்டுக்கொட்டகையில் அவளுக்கு மூன்று வாரம் பிடித்தது. முப்பத்து மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்து, அந்தப் பத்தியை இரண்டு தடவை படித்தாள்.

ஜனவரி இருபத்தைந்தாம் தேதி காலை பத்து மணிக்குக் குன்வோர் வரவேற்பறைக்குள் வந்து காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒட்கேர் காபி ஊற்றினார். போதகர், “புது ஆளு, கொஞ்சம் பாத்து ஆடுங்கப்பா,” என்றார். குன்வோர் தன் பன்னிரண்டு வீரர்களையும் ஸ்லெட்டாவில் இறக்கினாள். ஒருவனைக்கூட வேறெங்கும் அனுப்பவில்லை.

“மொத்தத்தையும் ஒரே எடத்துல வச்சா எப்படிம்மா?” என்றார் போதகர். “துறைமுகத்துக்கு ரெண்டு பேர அனுப்பு. கொள்ளை கெடைக்கும்.”

“துறைமுகத்துல எனக்கு என்ன வேல?”

முதல் சுற்றில் கெத்தில் நான்கு வீரர்களையும் ஓர் அரக்கனையும் ஸ்லெட்டாவுக்கு அனுப்பினார். நாலும் சாகும், எட்டுப் புள்ளி. சீட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, “சண்டை,” என்றார்.

“இல்ல,” என்றாள் குன்வோர்.

“என்ன இல்ல?”

“விருந்தாளி. உள்ள வாங்க. ஷூவ வாசல்லயே கழட்டிருங்க.” நான்கு வீரர்களையும் அரக்கனையும் அவளே எடுத்து, தன் ஆட்களுக்குப் பின்னால் வரிசையாக வைத்தாள். “பக்கம் முப்பத்து மூணு.”

கெத்தில் காகிதக்கட்டை வாங்கிப் புரட்டினார். பண்ணையில் வீட்டுக்காரரின் ஆள் நிற்குமானால், வருகிறவன் படையோடே வந்தாலும் அவனைக் குளிர்கால விருந்தாளியாக ஏற்றுக்கொள்ளலாம். ஏற்கப்பட்டவன் அந்த வீட்டில் வாளை உருவக்கூடாது. வீட்டுக்காரரே வாசல்வரை வந்து வழியனுப்பும்வரை கிளம்பவும் கூடாது. கீழே ஒன்பது ஆதாரங்கள் கொடுத்திருந்தார். படித்து முடித்ததும் அவர் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். யாரோ ஒருத்தர் படித்திருக்கிறார். எட்டுப் புள்ளி போய்விட்டது என்பது அதற்குப் பிறகுதான் வந்தது.

“சரிதான்,” என்றார். “செல்லும்.”

“என்னய்யா செல்லும்?” என்றார் ஒட்கேர். “எழுதுன நீயே மாட்டிக்கிட்டியா?”

“ஆதாரம் இருக்கு, ஒட்கேர்.”

“ஆதாரத்தக் கொண்டுபோய் அடுப்புல போடு.”

இரண்டாம் சுற்றில் போதகர் ஐந்து பேரை அனுப்பினார், கூடவே சுத்தியல் பிடித்த கடவுளையும். பாதிரி உத்தியோகத்தில் இருந்துகொண்டு அந்தக் கடவுளை அவர் எப்போதும் விரும்பித் தேர்ந்தெடுப்பதை ஊர் கவனித்திருந்தது. “என்னையுமா விருந்தாளியா வெச்சுக்குவ?”

“உங்களுக்கில்லாததா போதகரே. முதல் காபியே உங்களுக்குத்தான்.” சுத்தியல்காரனைச் சமையல்கட்டுப் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

இங்கே ஒரு சாதாரண புத்தியுள்ளவன் ஸ்லெட்டாவை விட்டுவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பான். மூவரும் புத்தியுள்ளவர்கள் என்றுதான் ஊரில் பெயர். ஒருவர் பள்ளி நடத்தினார், ஒருவர் ஆன்மாக்களைப் பார்த்துக்கொண்டார், ஒருவர் தண்ணீரின் சூட்டைப் பார்த்துக்கொண்டார். ஆனால் ஆட்டுப்புழுக்கை நாற்றத்தோடு வந்து உட்கார்ந்த ஒருத்தி, சண்டை போட மாட்டேன் என்று சொல்வது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. மூன்றாம் சுற்றில் ஒட்கேர் முஷ்டியால் மேசையைத் தட்டினார்: “இவ எத்தன பேருக்குத்தான் ஆக்கிப் போடுவான்னு பாத்துருவோம்.” வீட்டுக் காவலுக்கு நிறுத்தியிருந்த இரண்டு பேரையும் எடுத்து ஸ்லெட்டாவில் வைத்தார். போதகர் தன் இருவரை வைத்தார். கெத்தில் தன் இருவரை வைத்தார். குன்வோர் ஒவ்வொருவரையும் உள்ளே அழைத்தாள், ஷூவைக் கழற்றச் சொன்னாள். இடம் போதாமல் போனபோது தன் ஆட்களை நகர்த்தி நிற்க வைத்தாள். “கொஞ்சம் ஒட்டி நில்லுங்க,” என்றாள். “அந்தாளு தூங்கட்டும்.”

நான்காம் சுற்று எப்போதும் போல் நடந்தது. கடைசிச் சுற்றில் உயிரோடிருக்கும் வீரன் வீண். ஆகவே மிச்சமிருந்தவர்களையெல்லாம் மூவரும் துறைமுகத்திலும் பள்ளிமேட்டிலும் ஒருவர்மேல் ஒருவரை ஏவிக் கொன்று தீர்த்தார்கள். பிணங்கள் பெட்டி மூடியில் குவிந்தன. கெத்தில் கூட்டிப் போட்டார். போதகர் நாற்பத்தொன்று, கெத்தில் முப்பத்தெட்டு, ஒட்கேர் முப்பது. குன்வோர் பூஜ்யம்.

“பூஜ்யம்!” போதகர் எழுந்து நின்று கைதட்டினார். “இந்த ஊர்ல யாரும் வாங்குனதில்ல. உன் தம்பியே பதினொண்ணு வாங்கினான்.” ஒட்கேர் அந்தத் தாளைப் படம் எடுத்து, ஊரார் எல்லாருக்கும் போனில் அனுப்பினார். நான்கு நிமிடத்தில் அறுபது பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஒவ்வொன்றாக மேசைமேல் டிங் டிங் என்று வந்துகொண்டிருக்கும்போதுதான் கெத்தில் அட்டையைக் குனிந்து பார்த்தார். ஸ்லெட்டாவில் குன்வோரின் பன்னிரண்டு பேர், விருந்தாளிகள் பதினேழு. நெருக்கி நின்றுகொண்டிருந்தார்கள். துறைமுகம் காலி. குளத்துச் சரிவு காலி. பள்ளிமேடு, ஸ்டாதுர், ஹோல்ட், மூன்றும் காலி. ஓநாயை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“இன்னொரு ஆட்டம் போட்டுருவோம்,” என்றார் ஒட்கேர். “மணி மூணுதான் ஆகுது.”

“எனக்கு ஆட்டுக்குத் தீனி வைக்கணும்,” என்று குன்வோர் எழுந்துகொண்டாள். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, “காபிக்கு நன்றி,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூவரும் அவள் இல்லாமல் ஆட முயன்றார்கள். முடியவில்லை. ஸ்லெட்டாவில் நின்றவர்களை அட்டையிலிருந்து எடுக்க வரவில்லை. ஒட்கேர் மீன் கத்தியை அடியில் கொடுத்து நெம்பினார், கத்திமுனை முறிந்தது. அட்டையை வெந்நீர்த் தொட்டியில் ஊறவைத்தார்கள். பிளாஸ்திரி மட்டும் இன்னும் நன்றாக ஒட்டிக்கொண்டது. போதகர் ஜெபித்தார். யாரிடம் என்று அவர் சொல்லவில்லை. கெத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்து முப்பத்து மூன்றாம் பக்கத்தை ரத்து செய்து புதுத் திருத்தம் தட்டச்சு செய்தார். நான்கு கையெழுத்து வேண்டும். மூன்றுதான் இருந்தன.

மறுநாள் ஊர் முழுக்கப் பள்ளி முற்றத்தில் கூடியிருந்தது. பான்கேக் தட்டுகளில் ஆவி பறந்தது. ஒன்று நாற்பதுக்குச் சூரியன் பிளவில் தலைகாட்டியது. வெளிச்சம் பள்ளிக் கூரைக்கு மேலாக வந்தது, கூரையைத் தொடவில்லை. தேவாலயக் கோபுரத்தைத் தாண்டியது, தொடவில்லை. கடிதம் இல்லாத வீடுகளைத் தபால்காரன் கடந்து போவதுபோல் ஒவ்வொரு வீடாகக் கடந்து போய் ஸ்லெட்டாவில் இறங்கி, அங்கேயே நின்றது. அங்கே பனி மஞ்சளாக இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் நீலமாக இருந்தது. குன்வோர் கொட்டகைக் கதவைத் திறந்துவிட்டாள். முப்பத்தெட்டு ஆடுகளும் வெளியே வந்து, வெயில் மூக்கில் பட்டு வரிசையாகத் தும்மின. அவள் கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். எட்டு நிமிடம் நின்றாள். பிறகு சாணம் அள்ளப் போனாள்.

முதல் வாரம் ஊர் கொதித்தது. கூட்டம் போட்டார்கள், தீர்மானம் எழுதினார்கள். சூரியன் பொதுச்சொத்து என்று ஒட்கேர் பேசினார். மூன்று வருடமாக அது யாருடைய சொத்தாக இருந்தது என்று யாரும் கேட்கவில்லை, கேட்கிற ஊராக இருந்தால் இந்தக் கதையே இல்லை. இரண்டாம் வாரம் ஒரு பெண் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஸ்லெட்டா வேலியோரம் வந்து நின்றாள். குன்வோர் கதவைத் திறந்துவிட்டாள். மூன்றாம் வாரம் ஈரத்துணிகள் வந்தன. ஏப்ரலில் உருளைக்கிழங்கு விதைகள் வந்தன. மே மாதம் போதகரே வந்து, ஞாயிறு ஆராதனையை ஆட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நடத்திக்கொள்ளலாமா என்று கேட்டார். கிழவர்கள் தேவாலயத்துக்குள் நடுங்குகிறார்களாம்.

“நடத்துங்க,” என்றாள். “பிரசங்கம் மட்டும் பத்து நிமிஷத்துல முடியணும். ஆடு பயப்படுது.”

அவர் தாழ்மையைப் பற்றி ஒன்பது நிமிடம் பேசினார்.

குன்வோரைப் பற்றியும் உள்ளதைச் சொல்ல வேண்டும். வெயில் படுகிறவர்களுக்கு வருகிற அந்தக் குணம் அவளுக்கும் வந்தது. சுவரோரம் ஒரு நாற்காலி போட்டாள். யார் எந்த இடத்தில் துணி காயப்போடலாம் என்று அந்த நாற்காலியிலிருந்தே கையை நீட்டிச் சொன்னாள். ஒட்கேரின் உருளைக்கிழங்குக்குச் சாணக்குழியோரம் நாலடி அகலத்தில் இடம் கொடுத்தாள், அதற்கு அவர் வாரத்துக்கு ஒரு நாள் கொட்டகை கழுவ வேண்டும். முன்பு வாயைத் திறக்காதவள் இப்போது தொட்டியில் இறங்கினால் அரை மணி நேரம் பேசினாள், மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஹ்ரெய்ன் திரும்பி வரட்டுமா என்று எழுதினான். வரலாம், தொப்பியை அங்கேயே விட்டுவிட்டு வா என்று பதில் போட்டாள். அவன் இன்னும் வரவில்லை.

ஆண்டுகள் போயின. ஒவ்வொரு ஜனவரியிலும் இருபத்தைந்தாம் தேதி மூவரும் வரவேற்பறையில் கூடி, அட்டையில் நிற்கிறவர்களை எடுக்க வருகிறதா என்று தொட்டுப் பார்ப்பார்கள், வராது, வீட்டுக்குப் போவார்கள். ஸ்லெட்டாவில் இருநூற்றுத் தொண்ணூறு உருளை புல் வந்தது, பிறகு முந்நூற்றுப் பத்து. ஆடுகள் நூற்று நாற்பது. பள்ளியின் பாட அட்டவணையில் புதன்கிழமை மூன்றாவது பாடவேளை ‘வெயில்’ என்று அச்சாகிறது. அன்றைக்குப் பிள்ளைகள் வரிசையாக ஸ்லெட்டாவுக்கு நடக்கிறார்கள். புதிதாக ஊருக்குக் குடிவருகிறவர்களிடம் குப்பை எடுக்கும் நாளையும் துணி காயப்போடும் முறையையும் ஒரே தாளில் அடித்துக் கொடுக்கிறார்கள். யாரும் காரணம் கேட்பதில்லை. துறைமுகத்தில் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் விளக்குகளைக் கப்பல்காரர்கள் நல்ல அடையாளம் என்கிறார்கள்.

ஆறாவது கோடையில், புல் புரட்டும் வாரத்தில், கெத்தில் வழக்கம்போல் புல்வாரியோடு வந்திருந்தார். ஹோல்ட்டில் புல் இல்லை. அவருடைய இருபது ஆடுகளும் இப்போது ஸ்லெட்டாவின் புல்லைத்தான் தின்கின்றன. அதற்காக வருடத்துக்குப் பன்னிரண்டு நாள் வேலை. மூன்றாவது வரிசையின் முடிவில் நிமிர்ந்து, முதுகைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

“குன்வோர், இந்த வருஷமாவது அட்டையில நிக்கறவங்கள வழியனுப்பி வெச்சிரேன்.”

“ஏன்? அவங்களுக்கு இங்க என்ன கொற?”

கெத்தில் யோசித்தார். சண்டை இல்லை. சாப்பாடு இருந்தது. வெயில் இருந்தது. எதிர்த்துச் சொல்ல ஓர் ஆதாரம் தேடினார். தென்மேற்கிலிருந்து காற்று வரத் தொடங்கியிருந்தது. மழைக்கு முன் இன்னும் ஐந்து வரிசை புரட்ட வேண்டியிருந்தது. கம்பளிச் சட்டையைக் கழற்றி வேலிக்கம்பியில் போட்டுவிட்டு அவர் நான்காவது வரிசைக்குப் போனார்.